ராசியான ஊசி

மேனாம்பேட்டுக் குடியிருப்போர் நலச் சங்கத்தின் தலைவரும், நான் வர மாட்டேன் என்று சொன்ன போதெல்லாம் சிரித்துக்கொண்டே அழைப்பிதழில் என் பெயரை அச்சடித்துவிட்டவருமான ஐயா எத்திராஜ் அவர்களே,

எனக்கு வலப்பக்கம் அமர்ந்திருக்கும், இந்தப் பகுதியில் எத்தனையோ தொட்டில்களுக்குத் துணைநின்ற மகப்பேறு மருத்துவர் ரேவதி அம்மையார் அவர்களே,

ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் பெரியோர்களே, விடுமுறை நாளின் தூக்கத்தை விட்டுக்கொடுத்து அடுக்ககங்களிலிருந்து இறங்கி வந்திருக்கும் இளையோர்களே, முன்வரிசையில் குழந்தைகளை மடியில் வைத்திருக்கும் தாய்மார்களே,

மடியில் குழந்தை இல்லாத காரணத்தாலேயே பின்வரிசையைத் தேடிப் போய் உட்கார்ந்திருக்கும் என் சகோதரிகளே,

உங்கள் அனைவருக்கும் கஜபதியின் பணிவான வணக்கம்.

நான் மேடைக்காரன் அல்ல. மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். ஊசி போட்டவன் அல்ல. ஊசி உள்ளே போனபின் என்ன நடக்கிறது என்று பாடம் நடத்தியவன். ஆகவே அம்மையாரோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டு மேடையேறியிருக்கிறேன். நான் தவறாக ஏதாவது சொன்னால் அவர் இருமுவார். நான் திருத்திக்கொள்வேன்.

பின்னாலிருந்து ஒரு குரல் வருகிறது. ஆட்டோ ஸ்டாண்டு தசரதன். "மைக்கைக் கிட்ட வெச்சுக்கோ நைனா, ஒண்ணும் கேக்கல" என்கிறார். வைத்துக்கொண்டேன் ஐயா. இப்போது கேட்கிறதா? நல்லது.

எனக்குக் கொடுத்த தலைப்பு, சினைப்பை நீர்க்கட்டி உள்ள பெண்களுக்குக் கருமுட்டை வளர்க்கும் சிகிச்சைகளில் எது சிறந்தது என்பது. மாத்திரையா, ஊசியா? சின்ன ஊசியா, பெரிய ஊசியா? வீட்டோடு ஆகுமா, டெஸ்ட் டியூப் வரைக்கும் போக வேண்டுமா? இந்தக் கேள்விகளுக்கு ஒரு வீட்டின் கதையைச் சொல்லித்தான் என்னால் பதில் சொல்ல முடியும். அந்த வீட்டார் இங்கேயே, இரண்டாம் வரிசையில் இருக்கிறார்கள். பெயரை மாற்றிச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம் சார், எங்க பேரைச் சொல்லியே சொல்லுங்க, அப்பத்தான் நம்புவாங்க" என்று அந்தப் பெண் தீபிகா சொன்னாள். அவள் கொடுத்த துணிச்சலில்தான் என் குரல் இப்போது நடுங்காமல் இருக்கிறது.

தீபிகா சேலத்துப் பெண். கம்ப்யூட்டர் நிறுவனத்தில் வேலை. கணவர் விக்ரம். மாமியார் சாவித்திரி அம்மாள், ஆவடி குவார்ட்டர்ஸில் பாதி வாழ்க்கை வாழ்ந்துவிட்டு மகனோடு இங்கே வந்தவர். அவர்கள் மாடியில், நான் கீழ்வீட்டில். கல்யாணமாகிச் சில ஆண்டுகள் ஆகியும் குழந்தை இல்லை. மாதவிலக்கு நினைத்தால் வரும், நினைக்காவிட்டால் வராது. ஸ்கேன் எடுத்தார்கள். நீர்க்கட்டி என்றார்கள்.

தாய்மார்களே, அந்தச் சொல்லைக் கேட்டுப் பயப்படாதீர்கள். அவை கட்டிகளே அல்ல. பாதி வளர்ந்து நின்றுபோன முட்டைப்பைகள். காலையில் சென்ட்ரல் போகும் வண்டிக்கு நம் அம்பத்தூர் பிளாட்பாரத்தில் நிற்பீர்களே, அந்தக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மற்றப் பெண்களுக்கு மாதத்துக்கு ஒருவர் வண்டியில் ஏறிப் போகிறார். தீபிகா போன்றவர்களுக்குப் பிளாட்பாரம் நிறைய ஆள். ஒருவர் வழியை ஒருவர் மறித்து நிற்கிறார்கள். யாரும் ஏறுவதில்லை. வண்டி காலியாகப் போய்விடுகிறது.

முட்டைக்குப் பஞ்சமா? இல்லை. வளமைக்குக் குறைவா? இல்லை. வழிதான் இல்லை. அந்த வழியைத் திறப்பதற்குத்தான் சிகிச்சை.

தீபிகா முதலில் வேறோர் இடத்தில் பார்த்தாள். குளோமிஃபீன் என்ற பழைய மாத்திரை கொடுத்தார்கள். நல்ல மாத்திரைதான், பல வீடுகளில் விளக்கேற்றிய மாத்திரைதான். அது மூளையின் கண்ணைக் கட்டிவிடுகிறது. உடம்பில் ஹார்மோன் இருப்பது மூளைக்குத் தெரியாமல் போக, முட்டை வளர்க்கும் சுரப்பை அது இன்னும் கொஞ்சம் அனுப்புகிறது. ஆனால் கட்டிய கண்ணைச் சீக்கிரம் அவிழ்ப்பதில்லை. சிலருக்குக் கருப்பையின் உள்மெத்தை அதனால் மெலிந்துபோகிறது. தீபிகாவுக்கு அப்படித்தான் ஆயிற்று.

பிறகு ரேவதி அம்மையாரிடம் வந்தாள். அவர் கொடுத்தது லெட்ரோசோல். விக்ரம் உடனே கைப்பேசியில் அந்தப் பெயரைத் தேடிப் பார்த்து, மார்பகப் புற்றுநோய்க்கான மருந்து என்று படித்து, முகம் வெளுத்து என் வீட்டுக் கதவைத் தட்டினார். உண்மைதான், அதற்காக வந்த மருந்துதான். ஆனால் நீர்க்கட்டி உள்ள பெண்களுக்கு முட்டை வளர்க்க இன்று உலகம் முழுவதும் முதலில் எடுக்கச் சொல்வது அதைத்தான். ஏன்? அது உடம்பின் ஹார்மோனைச் சில நாள் குறைக்கிறது. மூளை விழித்துக்கொண்டு சுரப்பை அனுப்புகிறது. ஒரு முட்டை வளரத் தொடங்கியதும் மூளைக்குச் செய்தி போய்விடுகிறது. அதுவே அளவைக் குறைத்துக்கொள்கிறது. ஆகவே பெரும்பாலும் ஒருவர்தான் வண்டி ஏறுகிறார். பழைய மாத்திரையோடு பக்கத்தில் வைத்துப் பார்த்த பெரிய ஆய்வுகளில், கையில் குழந்தையோடு வீடு திரும்பிய பெண்கள் இதில்தான் அதிகம். கூடவே மெட்ஃபார்மினும் கொடுத்தார்கள். சர்க்கரை இல்லாதவளுக்கு ஏன் சர்க்கரை மாத்திரை என்று சாவித்திரி அம்மாள் கேட்டார். இன்சுலினை உடம்பு சரியாகப் பயன்படுத்திக்கொள்ள அது உதவும். ஆனால் வயிற்றைக் கலக்கும். கம்பெனி கேப் பூந்தமல்லி சாலை நெரிசலில் நின்ற ஒரு காலையைப் பற்றித் தீபிகா சொல்லிச் சிரித்தாள். அந்தக் கதையை மேடையில் சொல்ல எனக்கு அனுமதி இல்லை.

லெட்ரோசோலுக்குப் பலபேர் மசிவார்கள். தீபிகாவின் சினைப்பை மசியவில்லை. அளவைக் கூட்டிப் பார்த்தும் மசியவில்லை. அடுத்தது, முட்டை வளர்க்கும் அந்தச் சுரப்பையே நேராகக் கொடுக்கும் ஊசி. அம்மையார் மிகச் சின்ன அளவில் தொடங்கினார். சின்ன அளவு, பொறுத்திருந்து ஸ்கேன், தேவையானால் கொஞ்சம் கூட்டுவது, மறுபடியும் பொறுத்திருப்பது. படிப்படியாக ஏறும் முறை.

இங்கேதான், அவையோரே, கதை திரும்புகிறது.

எங்கள் அடுக்ககத்தில் மூன்றாம் மாடியில் பத்மா என்ற பெண் இருக்கிறாள். பல ஆண்டுகள் காத்திருந்து, டெஸ்ட் டியூப் முறையில் கருத்தரித்தாள். அவளுடைய வளைகாப்பு இதே மண்டபத்தில் நடந்தது. நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். கர்ப்பிணியின் கையிலிருந்து ஒரு வளையலைக் கழற்றி, பிள்ளைக்குக் காத்திருக்கும் பெண்ணின் கையில் போடுவார்கள். அவளுக்குக் கிடைத்தது இவளுக்கும் கிடைக்கட்டும் என்று. அன்பான வழக்கம். பத்மா ஒரு வளையலைக் கழற்றித் தீபிகாவுக்குப் போட்டாள்.

வளையலோடு நிற்கவில்லை. பத்மாவின் ஃப்ரிட்ஜ் கதவில் ஓர் ஊசிப் பேனா, அதாவது நம்பரைத் திருப்பி அளவு வைத்துக் குத்திக்கொள்ளும் ஊசி, இருந்தது. அவளுடைய சிகிச்சையில் மீந்துபோன மருந்து உள்ளே இருந்தது. தூக்கிப்போட அவளுக்கு மனம் வரவில்லை. எப்படி வரும்? அதனால்தானே வயிற்றில் பிள்ளை என்று நினைத்தாள். வளைகாப்பு முடிந்த மறுநாள் அதையும் சாவித்திரி அம்மாளிடம் கொடுத்தாள். ராசியான ஊசி என்று சொல்லிக் கொடுத்தாள். சாவித்திரி அம்மாள் அதன் பெட்டிக்குக் குங்குமம் வைத்து, தன் வீட்டு ஃப்ரிட்ஜில் தயிர்க் கிண்ணத்துக்குப் பின்னால் பத்திரப்படுத்தினார்.

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்திருப்பேன், அந்த ஊசி அங்கேயே இருந்திருந்தால்.

தீபிகாவின் முதல் ஸ்கேனில் எதுவும் வளரவில்லை. அன்று மாலை சாவித்திரி அம்மாள் அந்தப் பேனாவோடு என் வீட்டுக்கு வந்தார். நான் டாக்டர்களுக்கே பாடம் சொன்னவனாம்; ஆகவே அதன் நம்பரைத் திருப்ப எனக்குத் தெரிந்திருக்குமாம்.

"டாக்டரம்மா துளித்துளியா குடுக்கறாங்க சார். பத்மாவுக்கு இதைப் போல எவ்வளவோ மடங்கு குடுத்தாங்க, உண்டாயிட்டா. எங்க பொண்ணுக்கு மட்டும் ஏன் இந்தக் கஞ்சத்தனம்? அவங்க குடுக்கறதோட இதையும் சேர்த்து இன்னிக்கே போட்டுடலாம்னு இருக்கோம்."

பேனாவை நான் கையில் வாங்கவில்லை. என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அவரோடு மாடிக்குப் போனேன். தீபிகா இருந்தாள், விக்ரம் இருந்தார். பிளாட்பாரத்தைப் பற்றி உங்களுக்குச் சொன்னதை அவர்களுக்கும் சொன்னேன். பத்மாவின் பிளாட்பாரத்தில் நின்றவர்களே மிகக் குறைவு. அந்தச் சிலரையும் எழுப்பி அழைத்துவரப் பெரிய அளவு தேவைப்பட்டது. தீபிகாவின் பிளாட்பாரத்தில் நிற்க இடமில்லாத கூட்டம். அங்கே அதே அளவைக் கொடுத்தால்...

தசரதன் கையைத் தூக்குகிறார். சொல்லுங்கள் ஐயா. "இன்னா சார், அப்போ அந்த ஊசி அல்லாரையும் ஒரே வண்டில ஏத்தி உட்டுடுமா?"

அதேதான். அத்தனை முட்டைப்பைகளும் ஒன்றாக வீங்கும். சினைப்பை பெரிதாகும். ரத்தக் குழாயில் இருக்க வேண்டிய நீர் வயிற்றுக்குள் கசியும். வயிறு உப்பும், எடை விறுவிறுவென்று ஏறும், சிறுநீர் குறையும், மூச்சு வாங்கும். சிலரைத் தீவிர சிகிச்சைப் பிரிவு வரைக்கும் கொண்டுபோகும். உயிருக்கே ஆபத்தாவதும் உண்டு. சிகிச்சையில் இருக்கும் யாருக்கேனும் இந்த அறிகுறிகள் வந்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

இன்னொன்றும் சொன்னேன். பத்மாவுக்கு வளர்ந்த முட்டைகளை வெளியே எடுத்து, வெளியே கருவாக்கி, ஒன்றைத்தான் உள்ளே வைத்தார்கள். தீபிகாவின் சிகிச்சையில் எதையும் வெளியே எடுக்கப் போவதில்லை. பத்து முட்டை வெடித்தால் பத்தும் உள்ளேதான். இரட்டை, மூன்று, நான்கு என்று கரு தங்கினால் தாயும் தாங்க மாட்டாள், சேயும் தாங்காது. போதாததற்கு, அந்தப் பேனாவைத் திறந்து எத்தனையோ மாதமாகியிருந்தது.

இவ்வளவையும் வரிசையாகச் சொன்னேன். ஆனால் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். சாவித்திரி அம்மாள் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்.

"நீங்க பயந்த சுபாவம் சார். லிஃப்ட்டுல ஏறவே யோசிப்பீங்க. உங்க பயத்தை எங்க வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்க."

 இறங்கிவிட்டேன். என் வீட்டுக் கதவில் சாவியைப் போட்டேன். போட்ட சாவியைத் திருப்பவில்லை. மேலே ஒரு பெண்ணின் வயிற்றில் ஊசி இறங்கப் போகிறது. நான் உள்ளே போய்க் காபி குடிக்கப் போகிறேனா? தெரிந்தவன் திரும்பிப் போய்விட்டால், தெரிந்ததால் யாருக்கு என்ன பயன்? படித்தவன் பக்கத்தில் இருந்தும் படிப்பு பக்கத்தில் இல்லாமல் போகலாமா?

மறுபடியும் ஏறினேன். கதவைத் திறந்த சாவித்திரி அம்மாளிடம், இந்த முறை அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"நான் பயந்தவன்தான் அம்மா. ஆனா இது பயத்துல சொல்றது இல்ல. தெரிஞ்சு சொல்றேன். டாக்டருக்கு ஒரு போன் போடுங்க. அவங்க போடச் சொன்னா நானே நம்பரைத் திருப்பித் தர்றேன்."

 உள்ளே இருந்து தீபிகா கேட்டாள். மெதுவாகப் போய்க்கொண்டே இருந்து, கடைசிவரை முட்டையே வளராமல் போனால் என்ன செய்வது என்று கேட்டாள். அப்படி ஆகாது என்று சொல்ல என் நாக்கு துடித்தது. ஆனால் அது எனக்குத் தெரியாது. அப்படியும் ஆகலாம் அம்மா, ஆனால் அதற்குப் பிறகும் வழி இருக்கிறது, நீ இருக்க வேண்டும் என்று சொன்னேன்.

அவளே போனை எடுத்து டாக்டரை அழைத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள். அம்மையார் அதிகம் பேசவில்லை. நான் சொன்னதையேதான் சொன்னார், என்னைவிடச் சுருக்கமாக. மெதுவாகப் போவது கஞ்சத்தனம் இல்லை, காவல் என்றார். தீபிகா போனை வைத்தாள். சாவித்திரி அம்மாளின் கையில் குங்குமம் வைத்த அந்த ஊசிப் பெட்டி. அதைப் பிடித்திருந்த விரல்கள் தளரவில்லை. அப்போது தீபிகா சொன்னாள்.

"அத்தை, அந்த வளையலை நான் கழட்ட மாட்டேன். அது பத்மாக்கா ஆசையா போட்டது. ஊசி மட்டும் வேண்டாம்."

சாவித்திரி அம்மாள் பெட்டியை என்னிடம் நீட்டினார். நான் மறுநாள் அதை மருத்துவமனையில் ஒப்படைத்தேன்.

கைதட்டாதீர்கள், கதை முடியவில்லை. அம்மையார் அளவைக் கொஞ்சம் கூட்டினார். அடுத்த ஸ்கேனில் ஒரு முட்டை வளர்ந்திருந்தது. சாவித்திரி அம்மாள் ஏமாற்றத்தோடு, "ஒண்ணுதானா?" என்று கேட்டார். "நீங்க ஒரு பேரப்பிள்ளைதானே கேட்டீங்க, ஒண்ணு போதும்மா" என்றார் அம்மையார். ஆனால் அந்த மாதம் கரு தங்கவில்லை.

செய்தி கேட்டு நான் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாவித்திரி அம்மாள் வந்து என்ன சொல்லுவாரோ என்று காத்திருந்தேன். வந்தார். "அடுத்த மாசமும் அதே மெதுவான ஊசிதான் சார். சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். 

அதுவும் பலிக்காவிட்டால்? டெஸ்ட் டியூப் இருக்கிறது. அதிலும் பழைய நீண்ட முறை உண்டு. ஹார்மோனை முதலில் வாரக்கணக்கில் அடக்கிவைத்துப் பிறகு ஊசி போடுவது. புதிய குறுகிய முறையும் உண்டு. முட்டை நேரத்துக்கு முன்பே வெடிக்காமல் நடுவில் தடுத்து நிறுத்துவது. நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு இன்று பெரும்பாலும் குறுகிய முறையைத்தான் விரும்புகிறார்கள். காரணம், அதில் முட்டைகளை முதிர வைக்கும் கடைசி ஊசியை, வீக்கம் அதிகம் தராத வேறு வகைக்கு மாற்றிக்கொள்ளலாம். உண்டான கருக்களை உறைய வைத்து, உடம்பு தணிந்தபின் உள்ளே வைக்கலாம். இப்படிச் செய்தால் நீர் கோத்து வீங்கும் ஆபத்து வரவே வராது...

அம்மையார் இருமிவிட்டார். திருத்திக்கொள்கிறேன். ஆபத்து மிகவும் குறையும். அறவே வராது என்று யாரும் உறுதி சொல்லக் கூடாது. நன்றி அம்மா.

இதையெல்லாம் இந்த மேடையில் ஏன் சொல்கிறேன்? அந்த ராசியான ஊசியைக் கேட்டு, வேப்பம்பட்டில் இருக்கும் உறவுக்காரப் பெண் ஒருத்தி பத்மாவுக்குப் போன் செய்தாள். சென்னீர்குப்பத்திலிருந்து இன்னொருத்தி கேட்டாள். பத்மா பதறிப்போய், மண்டபத்தில் வைத்துச் சொல்லிவிடுங்கள் சார் என்று என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டேன். வளையலைக் கொடுங்கள், வாழ்த்தைக் கொடுங்கள், வேப்பிலைக் காப்பைக் கூடக் கொடுங்கள். ஊசியைக் கொடுக்காதீர்கள். ஒருத்திக்கு உயிர் கொடுத்த அளவு இன்னொருத்தியின் உயிரைக் கேட்கும்.

ஆனால் பெருமக்களே, அந்த ஊசியைத் தேடி அந்தப் பெண்கள் ஏன் ஓடுகிறார்கள்? பொறுமை இல்லாமலா? மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கியவளுக்கா பொறுமை இல்லை? தன் வயிற்றில் தானே ஊசி குத்திக்கொண்டு வேலைக்குப் போனவளுக்கா பொறுமை இல்லை? பொறுமை இல்லாதது யாருக்கு? நமக்கு. லிஃப்ட்டில் கேட்கிறோம், விசேஷம் உண்டா? கல்யாண வீட்டில் கேட்கிறோம், விசேஷம் உண்டா? ஊரிலிருந்து போன் போட்டு, மழை பெய்ததா என்று கேட்டுவிட்டு அடுத்த மூச்சில் கேட்கிறோம், விசேஷம் உண்டா? டாக்டர் துளித்துளியாய்க் கொடுத்த மருந்தின் அளவை யார் கூட்டியது? நாம் கூட்டினோம். நாம் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் அந்தப் பேனாவின் நம்பரை ஒரு சுற்றுத் திருப்பியது. மெதுவான மருத்துவம்தான் இந்தப் பெண்களைக் காக்கிறது. அதற்கு வேண்டிய நேரத்தைக் கொடுக்க வேண்டியவர் மருத்துவர் அல்ல. அவளுடைய குடும்பம், அவளுடைய தெரு, இந்த மண்டபம்.

போன வாரம் லிஃப்ட்டில் நான் நின்றிருந்தேன். ஆம், ஏறிவிட்டேன். சாவித்திரி அம்மாளும் தீபிகாவும் இருந்தார்கள். புதிதாகக் குடிவந்த ஓர் அம்மாள் உள்ளே வந்து, தீபிகாவின் வயிற்றைப் பார்த்து, அதே கேள்வியைக் கேட்டார். தீபிகா தலையைக் குனிந்துகொண்டாள். சாவித்திரி அம்மாள் குரலை உயர்த்தாமல் பதில் சொன்னார்.

"இருந்தா நாங்களே இனிப்போட வருவோம்மா. இல்லாட்டியும் இவ என் மருமகதான். நீங்க எந்த மாடி?"

அந்தப் பதிலை நம் ஒவ்வொரு வீட்டு மாமியாரும் மனப்பாடம் செய்தால் போதும். இந்த வட்டாரத்து ஃப்ரிட்ஜ்களில் ஊசி தங்காது.

இந்த மாதம் தீபிகாவுக்கு என்ன ஆயிற்று? எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. கூட்டம் முடிந்து சாப்பாட்டுப் பந்தியில் உங்களில் யாரோ ஒருவர் அவள் பக்கத்தில் உட்காரப் போகிறீர்கள். சாம்பாரில் உப்பைப் பற்றிப் பேசுங்கள். வண்டி தாமதத்தைப் பற்றிப் பேசுங்கள். அவளுடைய வேலையைப் பற்றிக் கேளுங்கள், நன்றாகச் சொல்லுவாள். அந்த ஒரு கேள்வியை மட்டும் இலையோடு மடித்துவிட்டு எழுந்திருங்கள்.

என்னைப் பேச வைத்த தலைவருக்கும், ஒரே ஒருமுறை மட்டும் இருமிய அம்மையாருக்கும், தங்கள் வீட்டுக் கதையை ஊருக்குக் கொடுத்த சாவித்திரி அம்மாளுக்கும், தீபிகாவுக்கும், விக்ரமுக்கும், பத்மாவுக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. இவ்வளவு நேரம் அமைதியாகக் கேட்ட உங்களுக்குக் கைகூப்பி விடைபெறுகிறேன். வணக்கம்.